அவன் முகம் அமைதியாக இருந்ததாம்

முதல் உலகப் போரைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரிமார்க் எழுதிய ‘ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலைப் படித்தவர்களிடம் முடிவைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு நேராக அந்த ராணுவ அறிக்கைக்குத்தான் போகும். கதையைச் சொல்லிவரும் இளம் ஜெர்மன் வீரன் பால் பாய்மர் 1918 அக்டோபரில் சாகிறான். அன்று போர்முனை முழுவதும் அவ்வளவு அமைதியாக இருந்ததால், மேற்கில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. புத்தகம் முழுக்க நம் காதருகே உட்கார்ந்து பேசியவன் செத்துக் கிடக்கிறான். மேலிடத்துக் கணக்கில் அது ஒரு செய்தியே இல்லை. தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

இதெல்லாம் சரி. ஆனால் நாவல் அந்த வரியோடு முடியவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு சின்னப் பத்தி இருக்கிறது. அவன் முன்பக்கமாகச் சரிந்து, தூங்குகிறவனைப் போல மண்ணில் கிடந்தான். புரட்டிப் பார்த்தபோது, அதிக நேரம் துடித்திருக்க மாட்டான் என்று தெரிந்தது. முகத்தில் ஒரு நிதானம், இப்படி ஆனதில் அவனுக்கே கிட்டத்தட்டத் திருப்திதான் என்பது போல. அவ்வளவுதான்.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது அறிக்கை இல்லை, இந்தப் பத்திதான். அதை நான் நம்பவில்லை. நாம் நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே ரிமார்க் அதை அங்கே வைத்திருக்கிறார் என்றுகூட நினைக்கிறேன். காரணம் நாவலுக்குள்ளேயே, ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் அறிக்கையைப் பற்றி ஒரு விஷயம்.

1918 அக்டோபரில் மேற்கு முனையில் அமைதியான நாள் என்று ஒன்று இருந்திருக்குமா? ஆகஸ்ட் 8 அன்று ஆமியாங் அருகே நேச நாடுகள் தொடங்கிய தாக்குதல் நவம்பர் 11 வரை ஓயவில்லை. செப்டம்பர் 26 அன்று மியூஸ் ஆற்றுக்கும் ஆர்கான் காட்டுக்கும் இடையில் அமெரிக்கப் படைகள் இறங்கின. செப்டம்பர் 29 அன்று செயின்ட் குவென்டின் கால்வாய் கடக்கப்பட்டு, ஜெர்மனியின் தற்காப்பு வரிசையான ஹிண்டன்பர்க் அரண் உடைந்தது. அக்டோபர் 3ஆம் தேதி இரவு, போர்நிறுத்தம் கேட்டு ஜெர்மனி அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் குறிப்பு அனுப்புகிறது. அந்த மாதம் முழுக்க ஜெர்மன் படை சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கியது. அப்படிப்பட்ட மாதத்தில், முனை முழுவதும் மூச்சுவிடாமல் கிடந்த ஒரு நாளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இதை நாவலாசிரியரின் தவறு என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அறிக்கை ஒரு பொய்யைச் சொல்கிறது, அல்லது உண்மையைப் பார்க்கவே மறுக்கிறது. அதைச் சொல்லும் குரல் அதே மூச்சில் பாலின் முகத்தைப் பற்றியும் சொல்கிறது. முதல் வாக்கியத்தைச் சந்தேகத்தோடு படித்துவிட்டு, அடுத்த பத்தியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்ன நியாயம்?

இப்போது கெம்மரிக்.

ஃபிரான்ஸ் கெம்மரிக் பாலின் வகுப்புத் தோழன். நாவலின் தொடக்கத்திலேயே கள மருத்துவமனையில் படுத்திருக்கிறான். காலை எடுத்துவிட்டார்கள். அது தெரியாமல் பாதம் வலிக்கிறது என்கிறான். மயக்கத்தில் கிடந்தபோது அவனுடைய கடிகாரத்தை யாரோ திருடிவிட்டார்கள். வனத்துறையில் பெரிய அதிகாரி ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. பார்க்க வந்த நண்பர்களில் முல்லரின் கண் கட்டிலுக்கடியில் இருக்கும் பூட்ஸ் மீது போகிறது. ஆங்கிலேய விமானி ஒருவனிடமிருந்து கிடைத்த, மெத்தென்ற மஞ்சள் தோல் பூட்ஸ். முல்லர் கல்நெஞ்சக்காரன் இல்லை. நல்ல பூட்ஸ் கிடைப்பது அரிது, கெம்மரிக்குக்கு இனி அது உதவாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. இந்த மாதிரிக் கணக்குகளைக் கூச்சமில்லாமல் சொல்வதில்தான் இந்தப் புத்தகத்தின் பலமே இருக்கிறது.

அப்புறம் பால் தனியாக வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறான். குணமாகிவிடும், ஊருக்கு அனுப்புவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். கெம்மரிக் ஒன்றும் பேசவில்லை, கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்குகிறது. பூட்ஸை முல்லருக்குக் கொடுத்துவிடு என்கிறான். நேரம் நகர்கிறது. தொண்டையில் இழுப்பு கேட்கத் தொடங்கியதும் பால் மருத்துவரிடம் ஓடுகிறான். இன்றைக்கு மட்டும் ஐந்து கால் எடுத்திருக்கிறேன், எது யாருடையது என்று எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். கூட வரும் சிப்பந்தி கணக்குச் சொல்கிறான்: இன்று இதுவரை 16 சாவு, உன் ஆள் 17. திரும்பி வருவதற்குள் கெம்மரிக் போய்விட்டான். முகம் இன்னும் ஈரமாக இருக்கிறது. படுக்கையை உடனே காலி செய்ய வேண்டும், வெளியே தரையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

இதை நாம் பாலோடு சேர்ந்து பார்த்தோம். நமக்கு விவரம் தெரியும். ஏழாவது அத்தியாயத்துக்கு வருவோம்.

பால் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறான். கெம்மரிக்கின் தாயைப் பார்த்துச் செய்தி சொல்ல வேண்டும். அவள் அவனைப் பிடித்து உலுக்குகிறாள். அவன் செத்துவிட்டான், நீ மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று கத்துகிறாள். பிறகு, எப்படிச் செத்தான் சொல் என்கிறாள். பால் சொல்கிறான்: உடனே போய்விட்டான், எதையும் உணரவில்லை, முகம் அமைதியாக இருந்தது.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதிக நேரம் துடிக்கவில்லை, முகம் நிதானமாக இருந்தது. அதே இரண்டு தகவல்கள், அதே வரிசையில். கெம்மரிக் விஷயத்தில் இரண்டுமே பொய் என்று நமக்குத் தெரியும். பால் விஷயத்தில் மட்டும் உண்மை என்று யார் சொன்னது?

தாய் நம்பவில்லை. ராத்திரி அவன் குரல் எனக்குக் கேட்டது, உண்மையைச் சொல், தாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். பால் மனதுக்குள் பிடிவாதமாக இருக்கிறான்: இவள் என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன். கூடவே அவனுக்குள் ஒரு சலிப்பும் ஓடுகிறது. இத்தனை பிணங்களைப் பார்த்தபிறகு, ஒரே ஒருவனுக்காக இவ்வளவு துயரம் எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. இந்த இரண்டையும், இரக்கத்தையும் மரத்துப்போனதையும், ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் வைக்க ரிமார்க்கால் முடிந்திருக்கிறது. இளம் எழுத்தாளர்கள் பலர் இந்தக் காட்சியில் இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்திருப்பார்கள்.

தாய் சத்தியம் கேட்கிறாள். உனக்குப் புனிதமான எல்லாவற்றின் மேலும் சத்தியம் செய்வாயா? அட கடவுளே, எனக்கு இப்போது எதுதான் புனிதம் என்று அவன் நினைக்கிறான், ஆனாலும் செய்கிறான். அவள் அதோடு விடவில்லை. இது பொய்யென்றால் நீ திரும்பி வராமல் போகட்டும், சம்மதமா? சம்மதம் என்கிறான். நான் சொன்னபடி அவன் உடனே சாகவில்லை என்றால், நானும் திரும்பி வர வேண்டாம்.

அவன் திரும்பி வரவில்லை.

இதைப் பொய்ச் சத்தியத்தின் பலன் என்று படிக்கலாம். ஒரு நண்பர் அப்படித்தான் வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய் சொன்னவன், சொல்லாதவன் என்று எறிகணை ஆள் பார்த்து விழுவதில்லை. கெம்மரிக் யாருக்கும் எந்தப் பொய்ச் சத்தியமும் செய்யவில்லை. முல்லரும் செய்யவில்லை, பக்கத்திலிருந்து சுட்ட ஒளிக்குண்டு வயிற்றில் பாய்ந்து அரைமணி நேரம் முழு நினைவோடு துடித்துச் சாகிறான். சத்தியத்துக்குத் தண்டனை என்று சொல்லிவிட்டால் பாலின் சாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். நாவல் கடைசிவரை மறுப்பது அந்தக் காரணத்தைத்தான்.

பால் இன்னொரு வாக்குறுதியும் கொடுத்திருக்கிறான். ஒன்பதாவது அத்தியாயத்தில், எறிகணைக் குழிக்குள் விழுந்த பிரெஞ்சு வீரனைக் குத்திவிட்டு, அவன் சாகும்வரை பல மணி நேரம் பக்கத்திலேயே கிடக்கிறான். பையிலிருந்த காகிதத்தில் பெயர் இருக்கிறது: ஜெரார்ட் டுவால், அச்சுத் தொழிலாளி. நான் பிழைத்து வெளியே வந்தால், நம் இருவரையும் அடித்து வீழ்த்திய இதை எதிர்த்துப் போராடுவேன் என்று அந்தப் பிணத்திடம் சொல்கிறான். மறுநாள் நண்பர்களோடு சேர்ந்ததும் அந்த வேகம் தணிந்துவிடுகிறது, போர் என்றால் போர்தானே என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். ஆக, ஒரு தாய்க்குச் செய்த சத்தியம் பொய். ஒரு எதிரிக்குக் கொடுத்த வாக்கு உண்மை, ஆனால் நிறைவேறவில்லை. இரண்டுமே அவன் திரும்பி வருவதை வைத்துத்தான். கடைசிப் பக்கம் இரண்டையும் ஒரே அடியில் முடித்து வைக்கிறது. அந்த இரண்டு பத்திகள் அவ்வளவு கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்தக் கடைசிக் குரல் யாருடையது? நாவல் சொல்லவில்லை. பால் நிகழ்காலத்தில் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று கடந்தகாலம், ‘நான்’ போய் ‘அவன்’ வந்துவிடுகிறது. பாலைப் பற்றி எழுதக்கூடியவர்கள் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன். அவன் வகுப்பிலிருந்து வந்த ஏழு பேரில் அங்கே கடைசியாக இருந்தது அவன்தான். வகுப்புத் தோழன் க்ராப் ஒரு காலை இழந்து மருத்துவமனையில் தங்கிவிட்டான். கூட இருந்த விவசாயி டெட்டரிங் செர்ரிப் பூக்களைப் பார்த்து வீட்டு நினைவு வந்து ஓடி, பிடிபட்டுவிட்டான். காட்சின்ஸ்கியும் இல்லை. பாலுக்கு அப்பாவைவிட நெருக்கமான ஆள் அவர். கால் எலும்பில் அடிபட்டவரைப் பால் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிறான், வழியில் ஒரு சின்னச் சில்லு அவர் தலையில் பாய்ந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. முகாமுக்கு வந்து இறக்கினால், இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாமே என்கிறான் சிப்பந்தி. நீங்கள் உறவா என்று கேட்கிறான். இல்லை, உறவில்லை.

பாலுக்கு நெருக்கமானவர் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. அப்படியென்றால் எழுதியது யாரோ ஒரு அதிகாரி, அல்லது பிணத்தைப் புரட்டிய யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள். முதல் உலகப் போரில் குடும்பங்களுக்குப் போன கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த வாக்கியம் இது: உடனே உயிர் பிரிந்தது, வலி தெரியவில்லை. கம்பியில் சிக்கி இரவெல்லாம் கத்தியவனுக்கும் அதே வாக்கியம், உடல் துண்டு துண்டானவனுக்கும் அதே வாக்கியம். அந்தக் கடிதங்களை எழுதியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வேறு என்னதான் எழுத முடியும்? நாவலின் கடைசிப் பத்தி அச்சு அசலாக அந்தக் கடிதத்தின் மொழியில் இருக்கிறது. அதைப் பெறுகிறவர்கள் நாம். கெம்மரிக்கின் தாய் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ரிமார்க் நம்மை உட்கார வைத்துவிட்டார்.

பிணத்தைப் புரட்டிப் பார்ப்பது என்றதும் தமிழ் வாசகருக்குப் புறநானூறு ஞாபகம் வராமல் இருக்காது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டு. மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்ட கிழவி, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து வேறாகிக் கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். இங்கேயும் ஒரு தாய், ஒரு சத்தியம், புரட்டப்படும் பிணம், கடைசியில் ஒரு திருப்தி. ஆனால் அந்தப் பாட்டில் மகனின் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடல் சிதைந்து கிடந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார் நச்செள்ளையார். மகிழ்ச்சி தாயுடையது, செத்தவன் தலையில் அதை ஏற்றவில்லை. ரிமார்க்கின் கடைசிக் குரலோ செத்தவனே திருப்தியாக இருந்தது போலச் சொல்கிறது. இரண்டில் எது அதிகம் பயமூட்டுகிறது என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். பழைய பாட்டில் போரை ஏற்றுக்கொண்டவள் உயிரோடு இருக்கிறாள், அவளோடு நாம் சண்டை போடலாம். இங்கே செத்தவன் வாயைத் திறந்து மறுக்க முடியாது.

பாலுக்கு மறுக்க வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? அதற்கும் நாவலிலேயே பதில் உண்டு. கடைசி அத்தியாயம் மிகச் சிறியது. விஷவாயுவைக் கொஞ்சம் சுவாசித்துவிட்டதால் அவனுக்கு 14 நாள் ஓய்வு. தோட்டத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் சமாதானம் பற்றியே பேசுகிறார்கள். 1916இல் திரும்பியிருந்தால் எங்கள் வேதனையின் வேகத்தில் ஒரு புயலையே கிளப்பியிருப்போம், இப்போது திரும்பினால் களைத்து, வேரற்று, நம்பிக்கையற்றுத்தான் திரும்புவோம் என்று நினைக்கிறான். எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் இது. ஆனால் உடனே அவன் மாற்றிப் பேசுகிறான். இதெல்லாம் வெறும் மனச்சோர்வாகக்கூட இருக்கலாம், ஊரில் அந்த நெட்டிலிங்க மரங்களுக்குக் கீழே போய் நின்றால் பறந்துவிடும் என்கிறான். ரத்தத்தை நிலைகொள்ளாமல் செய்த அந்த மென்மை, இனி வரப்போவது, பெண்கள், புத்தகங்கள், அதெல்லாம் எறிகணையில் அழிந்துபோயிருக்க முடியாது என்கிறான்.

பிறகு எழுந்து நிற்கிறான். மாதங்களும் வருடங்களும் வரட்டும், என்னிடமிருந்து எடுக்க இனி எதுவும் இல்லை, பயமில்லாமல் அவற்றைப் பார்க்கலாம் என்கிறான். இத்தனை வருடம் தன்னைச் சுமந்து வந்த உயிர் இன்னும் தன் கையிலும் கண்ணிலும் இருக்கிறது, அது உள்ளவரை, ‘நான்’ என்று சொல்லும் இது விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அது தன் வழியைத் தேடிக்கொள்ளும் என்பதோடு அவன் பேச்சு நிற்கிறது.

இது சாவுக்குச் சம்மதித்தவனின் பேச்சா? எனக்கு அப்படிக் கேட்கவில்லை. களைத்திருக்கிறான், சரி. நம்பிக்கை இல்லை என்றும் சொல்கிறான். ஆனால் அவனுடைய கடைசிச் செயல் எழுந்து நிற்பது, கடைசி எண்ணம் உயிர் தன் வழியைத் தேடும் என்பது. அடுத்த வரியிலேயே குப்புறக் கிடக்கிறான், திருப்தியாக இருந்தானாம். பால் இதைப் படித்திருந்தால் கோபப்பட்டிருப்பான். அல்லது, கெம்மரிக்கின் வீட்டை நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருப்பான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ரிமார்க் உணர்ச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே தெளிக்கிற எழுத்தாளர். சாவை விடுதலையாகக் காட்டும் பழைய பழக்கம் அவருக்கும் இருந்திருக்கலாம். அமைதியான முகம் என்பது அந்தக் காலக் கதைகளில் அடிக்கடி வருகிற சமாச்சாரம்தான். அவர் எதையும் திட்டமிட்டு எதிரொலிக்க வைக்கவில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று ஒருவர் சொன்னால், என்னால் ஆதாரம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் ரிமார்க் சொந்த வாழ்க்கையில் இதற்கு மிக அருகில் இருந்தவர். 1916 நவம்பரில் படையில் சேர்க்கப்பட்டார், 1917 ஜூனில் முனைக்குப் போனார், ஜூலை 31 அன்று ஃபிளாண்டர்ஸில் குண்டுச் சில்லுகள் பட்டு டூயிஸ்பர்க் மருத்துவமனைக்கு வந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், அந்தச் செப்டம்பரில், அவருடைய தாய் புற்றுநோயில் இறந்தார். நாவலில் பாலின் தாய்க்கும் புற்றுநோய்தான். ஆனால் அங்கே சாவது மகன். முனையில் அவர் இருந்தது சில வாரங்கள், மருத்துவமனையில் இருந்தது பல மாதங்கள். படுக்கை எண்கள், கால் எடுத்த கணக்கு, வீட்டுக்குப் போகும் கடிதம் இதெல்லாம் அவர் பக்கத்திலிருந்து பார்த்தவை. அப்படிப்பட்டவர் ‘முகம் அமைதியாக இருந்தது’ என்ற வாக்கியத்தை ஏழாவது அத்தியாயத்தில் பொய்யாக எழுதிவிட்டு, பன்னிரண்டாவதில் ஞாபகமில்லாமல் உண்மையாக எழுதினார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

திரைப்படங்கள் இந்த முடிவை எப்படிக் கையாண்டன என்பது தனிக் கதை. லூயிஸ் மைல்ஸ்டோன் 1930இல் எடுத்த படத்தில் பால் அகழிக்கு வெளியே ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துக் கையை நீட்டுகிறான், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் குறிபார்க்கிறான், சத்தம், கை துடித்து அடங்குகிறது. நாவலின் முடிவில் பட்டாம்பூச்சி கிடையாது. மிகை என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் சாகும் கணத்தில் அந்தப் படம் முகத்தைக் காட்டவில்லை. கை மட்டும்தான். அதுவும் நடிகருடைய கை இல்லை, இயக்குநருடையது. முகம் இல்லாததால் அமைதி, திருப்தி என்று யாரும் எதையும் நம் தலையில் கட்ட முடியாது. அந்தக் கை எட்டிப் பிடிக்கப் போனது உயிருள்ள ஒன்றை. பாலின் கடைசி எண்ணத்துக்கு அதைவிட விசுவாசமான காட்சி வேறு எடுக்க முடியாது.

எட்வர்ட் பெர்கரின் 2022 படம் எனக்கு ஒட்டவில்லை. அதில் பால் சாவது நவம்பர் 11, போர்நிறுத்தம் அமலுக்கு வரும் 11 மணிக்குச் சற்று முன்பு. வீம்பு பிடித்த ஒரு தளபதி கடைசி நேரத்தில் தாக்குதலுக்கு ஆணையிடுகிறான். உண்மையில் அந்தக் காலையில் பலர் செத்தார்கள், ஹென்றி குந்தர் என்ற அமெரிக்க வீரர் 10:59க்குச் சுடப்பட்டார். ஆகவே கதை நடக்காத விஷயம் இல்லை. ஆனால் அப்படி மாற்றியதும் சாவுக்கு ஒரு கடிகாரமும் ஒரு வில்லனும் கிடைத்துவிடுகிறார்கள். இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால், அந்தக் கிழவன் மட்டும் இல்லாதிருந்தால் என்று நம் மனம் போகிறது. நாவலின் அக்டோபர் சாவில் ‘இருந்தால்’ என்பதற்கே இடமில்லை, அது இன்னொரு நாள். அந்தப் படம் விடுமுறைப் பகுதியையும் மொத்தமாக எடுத்துவிட்டது. கெம்மரிக்கின் தாய் படத்தில் இல்லை, சத்தியமும் இல்லை. அந்த வீட்டுக்குப் போகாமல் முடிவுக்கு வந்தால், முடிவில் கேள்வி கேட்க ஒன்றுமே மிஞ்சாது. காட்சியமைப்பும் ஒலியும் பிரமாதம், நான்கு ஆஸ்கர் வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் வேறு கதை.

நாவல் 1928 நவம்பரில் ஒரு பெர்லின் நாளிதழில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் புத்தகமானது. 1930 டிசம்பரில் மைல்ஸ்டோன் படம் பெர்லினில் திரையிடப்பட்டபோது நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசி வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் படமே தடை செய்யப்பட்டது. 1933 மே 10 அன்று ரிமார்க்கின் புத்தகங்களை நெருப்பில் போட்டபோது அவர்கள் முழங்கிய வாசகம், உலகப் போர் வீரனுக்கு இலக்கியம் செய்த துரோகத்துக்கு எதிராக, வாய்மையின் உணர்வில் மக்களை வளர்ப்பதற்காக என்று போனது. வாய்மையாம்! போர் எப்படி இருந்தது என்று சொன்ன புத்தகத்தை, வாய்மையின் பெயரால் எரித்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கடைசிப் பத்தியில் கிடக்கும் அந்தத் திருப்தியான முகம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்கு முன்னால் இருக்கும் பதினோரு அத்தியாயங்கள் இல்லாமல்.

இன்னும் ஒரு தாயைப் பற்றிச் சொல்லவில்லை. பாலின் சொந்தத் தாய்.

அதே விடுமுறையில், படுக்கையில் கிடக்கும் அவள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். அங்கே ரொம்ப மோசமாக இருந்ததா, பால்? அவன் தலையை அசைத்து, இல்லை அம்மா, அவ்வளவு மோசமில்லை, நாங்கள் நிறையப் பேர் சேர்ந்துதானே இருக்கிறோம் என்கிறான். ஆனால் ஹைன்ரிக் சமீபத்தில் வந்திருந்தானே, விஷவாயுவும் மற்றதும் சேர்ந்து இப்போது பயங்கரமாக இருக்கிறது என்றானே என்கிறாள் அவள். அவன் ஏதோ உளறியிருப்பான், என்னைப் பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சமாளிக்கிறான் இவன். அவள் அதற்கு மேல் தோண்டவில்லை. சத்தியம் கேட்கவில்லை. பின்னொரு இரவு வலியோடு எழுந்து வந்து அவன் கட்டிலில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஜாக்கிரதையாக இரு என்கிறாள், கம்பளி உள்ளாடை எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறாள்.

கெம்மரிக்கின் தாய்க்குப் பொய் என்று தெரியும், ஆனாலும் சத்தியம் வாங்கிக்கொண்டு அதை நம்பத் தேர்ந்துகொண்டாள். பாலின் தாய்க்கும் பொய் என்று தெரியும், அவள் மகனைப் பொய் சொல்ல விட்டுவிட்டு, அதை நம்பாமலே இருந்தாள். அக்டோபரில் அவளுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கும். அதில் அந்த இரண்டு தகவல்களும் இருந்திருக்கும். அவள் அதைப் படித்துவிட்டு யாரிடமும் எதுவும் கேட்டிருக்க மாட்டாள். நானும் அந்தக் கடைசிப் பத்தியை இப்போது அவள் படித்திருக்கக்கூடிய விதத்தில்தான் படிக்கிறேன்.